கணக்கில் வராத பாதி

1986 ஜனவரி 27ஆம் தேதி இரவு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருந்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்களும் நாசா அதிகாரிகளும் தொலைபேசியில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை ஃபுளோரிடாவிலிருந்து சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்ப வேண்டும். அங்கே வழக்கத்துக்கு மாறான கடுங்குளிர். ஓடத்தை உந்தும் திட எரிபொருள் ராக்கெட்டின் பகுதிகள் இணையும் இடங்களில் ரப்பர் வளையங்கள் உண்டு. உள்ளே எரியும் வாயு வெளியே கசியாமல் காப்பவை அவைதாம். குளிரில் ரப்பர் இறுகிவிடும், இடைவெளியை உடனே அடைக்காது என்று பொறியாளர் ரோஜர் பாய்ஸ்ஜாலி அஞ்சினார். அதுவரை நடந்த பயணங்களில் மிகக் குளிரானது 53 டிகிரி பாரன்ஹீட்டில் நடந்தது. அதில்தான் கசிவின் தடயம் மோசமாக இருந்தது. எனவே 53 டிகிரிக்குக் கீழே கிளப்ப வேண்டாம் என்று நிறுவனம் முதலில் சொன்னது.

அதற்கு ஒரு மறுப்பு எழுந்தது. 75 டிகிரியில் கிளம்பிய ஓர் ஓடத்திலும் வாயு கசிந்திருக்கிறதே? குளிரிலும் கசிகிறது, வெயிலிலும் கசிகிறது என்றால் குளிரை மட்டும் குற்றம் சொல்வது எப்படி? பொறியாளர்களால் திட்டவட்டமாகப் பதில் சொல்ல முடியவில்லை. நிறுவனத்தின் மேலாளர்கள் தனியே கூடிப் பேசினார்கள், முடிவை மாற்றிக்கொண்டார்கள். மறுநாள் காலை சுமார் 36 டிகிரியில், அதாவது 2 செல்சியஸ் குளிரில், சேலஞ்சர் கிளம்பியது. 73ஆவது விநாடியில் சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள்.

வில்லியம் ரோஜர்ஸ் தலைமையிலான விசாரணை ஆணையம் அந்த வாதத்தில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னது. வளையம் பழுதான ஏழு பயணங்களை மட்டும் எடுத்து வெப்பநிலையோடு ஒப்பிட்டால் ஒரு தொடர்பும் தெரியாது. பழுதில்லாமல் முடிந்த பயணங்களையும் அதே தாளில் குறித்துப் பார்த்தால் படம் மாறிவிடுகிறது. 66 டிகிரியும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் பழுது நேர்ந்தது மூன்றில். 63 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த நான்கு பயணங்களில் நான்கிலுமே பழுது. குளிரின் குற்றத்தை நிரூபிக்கும் சாட்சி, ஒன்றும் நேராமல் முடிந்த பயணங்களிடம்தான் இருந்தது. ஒன்றும் நேராதவற்றை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

ஆணையத்தில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் இன்னொன்றையும் எழுதிவைத்தார். ஓடம் அழியும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று பொறியாளர்கள் மதிப்பிட்டார்கள். லட்சத்தில் ஒன்று என்று நிர்வாகம் மதிப்பிட்டது. முன்பும் கசிந்தது, ஆனால் விபத்து நேரவில்லை என்பதையே பாதுகாப்புக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நிர்வாகத்தில் ஊறியிருந்தது. மயிரிழையில் தப்பியவை எல்லாம் வெற்றிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டன.

இந்த ஒரு சம்பவத்தில் தெரியும் குறைபாடு சூழ்நிலையைக் கணிப்பதில், ஆபத்தை அளப்பதில், சக மனிதரை எடைபோடுவதில் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். நாம் தப்புக் கணக்குப் போடுவது பெரும்பாலும் கூட்டத் தெரியாததால் அல்ல. கூட்ட வேண்டியவற்றில் பாதி நம்மிடம் வந்து சேராததால். வராத பாதி ஒன்று உண்டு என்பதே நமக்குத் தோன்றாததால்.

செய்தியாகும் சாவுகள்

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் பதிவான கொலை வழக்குகள் 28,522. அதே ஆண்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924. இரண்டும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்கள். சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். ஒரு கொலை நடக்கும் நாட்டில் ஆறு பேர் தற்கொலையிலும் ஏறக்குறைய ஆறு பேர் சாலையிலும் போகிறார்கள். ஆனால் நாளிதழைப் பிரித்தாலும் தொலைக்காட்சியைப் போட்டாலும் இந்த விகிதம் தலைகீழாகிறது. கொலைக்கு முதல் பக்கம், படம், தொடர் செய்தி. சாலைச் சாவுக்கு உள்பக்கத்தில் நான்கு வரி. பிள்ளை வீடு திரும்ப இருட்டிவிட்டால் யார் கையில் மாட்டிக்கொண்டதோ என்று கலங்கும் குடும்பம், அதே பிள்ளை தலைக்கவசம் இல்லாமல் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போவதைக் கையசைத்து வழியனுப்புகிறது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய குணமில்லை. சாரா லிக்டென்ஸ்டைன், பால் ஸ்லோவிக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1978இல் அமெரிக்காவில், எந்தக் காரணத்தால் அதிகம் பேர் சாகிறார்கள் என்று மக்களைக் கேட்டார்கள். நோய்க்கும் விபத்துக்கும் ஏறக்குறையச் சமமான பலி என்பது மக்கள் கணிப்பு. உண்மையில் நோயால் இறந்தவர்கள் அங்கே 16 மடங்கு அதிகம். மறு ஆண்டில் பார்பரா கோம்ஸும் ஸ்லோவிக்கும் நாட்டின் இரு கோடிகளில் வெளியான இரண்டு நாளிதழ்களை எண்ணிப் பார்த்தார்கள். நோய் பலிகொள்வது கொலையைவிட நூறு மடங்கு. செய்தியிலோ கொலை நோயைவிட மூன்று மடங்கு. மக்கள் மனக்கணக்கில் இருந்த கோணலும் நாளிதழ்ப் பக்கங்களில் இருந்த கோணலும் பெரிதும் ஒத்துப்போயின.

அச்சம் தடம் மாறினால் உயிரும் போகும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு விமானத்துக்குப் பயந்த அமெரிக்கர்கள் பலர் காரில் நெடுந்தூரம் போனார்கள். அடுத்த ஓராண்டில் இதனால் மட்டும் சுமார் 1,500 பேர் கூடுதலாகச் சாலையில் இறந்திருப்பார்கள் என்று ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் கணக்கிட்டார். கடத்தப்பட்ட நான்கு விமானங்களிலும் சேர்த்துப் பயணம் செய்தவர்களைப்போல் இது பல மடங்கு. இந்தச் சாவுகள் ஒவ்வொன்றாக, வெவ்வேறு ஊர்களில் நிகழ்ந்தன. எந்தத் தொலைக்காட்சியும் இவற்றை ஒரே நிகழ்வாகக் காட்டவில்லை.

மருத்துவமனைக்கு வராத பாம்புக்கடி

நாளிதழ் வாசகர் மட்டுமா ஏமாறுகிறார்? பேரேடு வைத்திருக்கும் அரசும் ஏமாறும். பாம்புக்கடி இதற்கு நல்ல சான்று.

நெடுங்காலம் இந்தியாவில் பாம்புக்கடி மரணம் என்றால் அரசு மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறியதுதான் கணக்கு. இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தோடு சேர்ந்து மருத்துவர் பிரபாத் ஜா தலைமையில் நடந்த 'பத்து லட்சம் மரணங்கள்' ஆய்வு வேறு வழியில் போனது. மாதிரியாகத் தேர்ந்த ஊர்களில் சாவு நடந்த வீட்டுக்கே போய், எப்படி இறந்தார் என்று குடும்பத்தாரிடம் கேட்டுப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படித்துக் காரணத்தை முடிவு செய்தார்கள். 2005ஆம் ஆண்டுக்கு மட்டும் சுமார் 46,000 பாம்புக்கடி மரணங்கள் என்று 2011இல் வெளியான முடிவு சொன்னது. 2000 முதல் 2019 வரை மொத்தம் 12 லட்சம், சராசரியாக ஆண்டுக்கு 58,000 என்றது 2020இல் வெளியான மற்றொரு முடிவு. மருத்துவமனைக் கணக்கைப்போல் இது பல மடங்கு. காரணம் எளியது: கடிபட்டு இறந்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வெளியேதான் இறந்தார்கள்.

இதற்குள் இன்னொரு தப்புக் கணக்கும் இருக்கிறது. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்துத் தூங்குபவரைக் கடிக்கும். பல்பட்ட தடம் பல நேரம் கண்ணுக்குத் தெரியாது. வலியும் வீக்கமும் அநேகமாக இராது. விடியற்காலையில் வயிற்றுவலி வரும், இமை தொங்கும், பிறகு மூச்சு அடைக்கும். பாம்புக்கடி என்றால் வீக்கமும் எரிச்சலும் இருந்தாக வேண்டும் என்று நம்பும் வீட்டார், வயிற்றுக் கோளாறு என்று நினைத்து நேரத்தைக் கடத்திவிடுவதுண்டு. வீங்கிய கடியைப் பார்த்தவர்கள் ஊரில் பலர் இருப்பார்கள். வீங்காத கடியில் இறந்தவரின் சாவு பாம்பின் பேரில் எழுதப்படுவதே இல்லை. அதனால் ஊராரின் அனுபவமும் திருந்துவதில்லை.

மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து, மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்குக் கொடுக்கிறது. மருந்து இருக்கிறது. எவ்வளவு மருந்து, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில், எந்த மாதத்தில் தேவை என்று சொல்ல வேண்டிய கணக்குத்தான் ஓட்டையாக இருந்தது. 2024இல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. வராத பாதியை வரவழைக்கும் முயற்சி அது.

அடுத்தவர் முகம், அடுத்தவர் மனம்

சூழ்நிலையைத் தவறாகக் கணிப்பதில் பிறருடைய முகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1968இல் பிப் லட்டானேயும் ஜான் டார்லியும் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருப்பார்கள்; சுவரிலுள்ள துளை வழியாகப் புகை வரத் தொடங்கும். தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் வெளியே போய்ச் சொன்னார்கள். விஷயம் தெரியாத மூவர் சேர்ந்து இருந்தபோது, குழுக்களில் 38 விழுக்காட்டில்தான் யாராவது ஒருவர் எழுந்து போனார். ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்திருக்கும்படி முன்கூட்டியே சொல்லிவைத்த இருவரோடு இருந்தவர்களில் பத்தில் ஒருவர்தான் போய்ச் சொன்னார்.

மற்றவர்கள் கோழைகளில்லை. ஒவ்வொருவரும் உள்ளுக்குள் யோசித்துக்கொண்டு, வெளியே பதற்றம் காட்டாமல், பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தார்கள். அந்த முகமும் இவர்களைப்போலவே அமைதி காட்டியது. முகம் பார்வைக்குக் கிடைத்தது, அதன் பின்னால் ஓடிய சந்தேகம் கிடைக்கவில்லை. கிடைத்ததை வைத்துக் கணக்குப் போட்டார்கள்: எல்லாரும் பேசாமல் இருக்கிறார்கள், எனவே ஆபத்து இல்லை. அலுவலகக் கூட்டங்களில் திட்டம் தேறாது என்று பலருக்கும் தோன்றியும் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறுவது இப்படித்தான்.

இந்த ஆய்வுக்குத் தூண்டுதலாக இருந்த நிகழ்ச்சியே பிறரைத் தவறாக எடைபோட்டதற்கு எடுத்துக்காட்டு ஆகிவிட்டது. 1964 மார்ச்சில் நியூயார்க்கின் க்யூ கார்டன்ஸ் பகுதியில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். 38 பேர் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தார்கள் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. நகரத்து மனிதனுக்கு நெஞ்சில் ஈரமில்லை என்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்கள் திரும்பத் திரும்பச் சொல்லின. பிற்காலத்தில் ஆவணங்களைத் துருவியபோது, தாக்குதலை முழுதாகப் பார்த்தவர்கள் மிகச் சிலரே என்பதும், உதவ முயன்றவர்களும் இருந்தார்கள் என்பதும் தெரியவந்தன. அந்த நாளிதழே பின்னர் தன் செய்தி பிழையானது என்று ஒப்புக்கொண்டது.

உண்மையில் தெருவில் என்ன நடக்கிறது என்று அறிய, ரிச்சர்ட் ஃபில்பாட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் இங்கிலாந்தின் லங்காஸ்டர், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம், தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் ஆகிய நகரங்களில் கண்காணிப்புக் கேமராவில் பதிவான 219 தெருத் தகராறுகளைப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பதில் குறைந்தது ஒருவராவது குறுக்கே புகுந்து உதவ முயன்றிருந்தார். யாரோ விலக்கப் புகுந்த சண்டை செய்தியாகவில்லை. யாரும் வராத சண்டை மட்டும் ஊரின் குணத்துக்குச் சான்றாகிவிட்டது.

குணமா, நெருக்கடியா?

ஒருவரைப் பற்றி முடிவு கட்டும்போது அவர் செய்தது தெரிகிறது. எந்த நெருக்கடியில் செய்தார் என்பது தெரிவதில்லை. சில சமயம் தெரிந்தாலும் நாம் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 1967இல் எட்வர்ட் ஜோன்ஸும் விக்டர் ஹாரிஸும் கியூபாவின் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளை மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்று எழுதியவருக்குக் கட்டளை இடப்பட்டது என்பதையும் சொல்லிவிட்டார்கள். அப்படியும், ஆதரித்து எழுதியவர் மனத்தளவிலும் ஆதரவாளராகத்தான் இருப்பார் என்றே படித்தவர்கள் சாய்ந்தார்கள்.

1973இல் டார்லியும் டேனியல் பேட்சனும் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். சிலருக்கு அங்கே போய்ப் பேச வேண்டிய பொருள் விவிலியத்தின் நல்ல சமாரியன் உவமை. வழியில் ஒருவர் குனிந்து முனகிக்கொண்டு கிடந்தார். அவசரமில்லாதவர்களில் 63 விழுக்காட்டினரும் ஓரளவு அவசரத்தில் இருந்தவர்களில் 45 விழுக்காட்டினரும் உதவினார்கள். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரே உதவினார்கள். உவமையைப் பேசப் போனவர்களா இல்லையா என்பதால் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. தாண்டிப் போனவரை மட்டும் பார்த்த ஒருவர் இரக்கமில்லாதவன் என்று தீர்ப்புச் சொல்லியிருப்பார். அவர் கையில் இருந்த கடிகாரத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அடியும் புகழும்

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பது நம் பழமொழி. இஸ்ரேலிய விமானப் படையின் பயிற்சியாளர்களும் உளவியலாளர் டேனியல் கானமனிடம் இதையே சொன்னார்கள்: நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், மோசமாக ஓட்டியவனைத் திட்டினால் அடுத்த முறை தேறுகிறான். அவர்கள் கண்டது பொய்யில்லை. ஆனால் பாராட்டும் திட்டும் காரணமில்லை. வழக்கத்தைவிட மிக நன்றாக அமைந்த ஒரு முயற்சிக்குப் பின்னால் சாதாரணமான ஒன்று வருவதுதான் இயல்பு. மிக மோசமான ஒன்றுக்குப் பின்னாலும் அப்படியே. பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்ட பிரான்சிஸ் கால்டன் சராசரி நோக்கிய இந்தச் சரிவை 19ஆம் நூற்றாண்டிலேயே விளக்கிவிட்டார்.

மோசமாக ஓட்டியும் திட்டு வாங்காதவன் அடுத்த முறை எப்படி ஓட்டினான்? பயிற்சியாளரிடம் அந்தக் கணக்கு இல்லை, ஏனென்றால் அப்படி ஓட்டிய யாரையும் அவர் திட்டாமல் விட்டதில்லை. பிரம்பைக் கீழே வைக்காத ஆசிரியரிடமும் இல்லை. பழமொழியை நிரூபிக்கும் மாணவர்கள் அவர் வகுப்பில் நாள்தோறும் கிடைக்கிறார்கள்; மறுக்கக்கூடியவர் ஒருவரும் இல்லை.

அனுபவம் ஏன் திருத்துவதில்லை?

கானமனும் ஏமஸ் ட்வர்ஸ்கியும் கணிப்புப் பிழைகள் பற்றி 1974இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரைக்குப் பிறகு, மனித மனமே கோணலானது என்ற எண்ணம் பரவியது. கிகெரென்சர் அதை மறுத்தார். விழுக்காடாகச் சொன்னால் மருத்துவரும் தடுமாறும் கணக்கை, ஆயிரம் பேரில் இத்தனை பேர் என்று சொன்னால் பலரும் சரியாகப் போடுகிறார்கள் என்று காட்டினார். கிளாஸ் ஃபீட்லர் போன்றவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள்: மனம் தன்னிடம் வந்த மாதிரிகளை ஓரளவு சரியாகவே கூட்டுகிறது, அந்த மாதிரிகள் எப்படி வந்தன என்று கேட்பதில்தான் தவறுகிறது. மேலே கண்ட சான்றுகள் எல்லாவற்றையும் வைத்துப் பார்க்கும்போது எனக்குப் பின்னதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

அப்படியானால் வயதும் பழக்கமும் ஏறினால் சரியாகிவிடுமா? முடிவு உடனுக்குடன் தெரியும் தொழில்களில் ஆகும். நாளை மழைக்கு 30 விழுக்காடு வாய்ப்பு என்று சொல்லும் வானிலை ஆய்வாளருக்கு மறுநாளே விடை கிடைத்துவிடுகிறது, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும். அவர்களுடைய கணிப்பு வியக்கத்தக்க அளவு பொருந்துவதை ஆலன் மர்ஃபியும் ராபர்ட் விங்க்ளரும் 1977இல் காட்டினார்கள். ஒழுங்கு உள்ள சூழலும், தாமதமில்லாமல் விடை காட்டும் பயிற்சியும் இருந்தால்தான் நிபுணரின் உள்ளுணர்வை நம்பலாம் என்று 2009இல் கானமனும் கேரி கிளைனும் கூட்டாக எழுதினார்கள். நேர்முகத் தேர்வு நடத்துபவருக்கு இந்த வசதி இல்லை. தான் வேண்டாம் என்று அனுப்பியவர் வேறோர் இடத்தில் எப்படி வேலை செய்தார் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. 20 ஆண்டு அனுபவம் அவருக்குக் கொடுப்பது பெரும்பாலும் தன்னம்பிக்கை மட்டுமே.

விடை தெரிந்தாலும் போதாது என்பதற்குக் கானமனின் சொந்த வரலாறே சாட்சி. 1950களில் இஸ்ரேலிய ராணுவத்தில் இளம் உளவியலாளராக இருந்தபோது, அதிகாரிப் பயிற்சிக்கு ஆள் தேர்வு செய்யும் பணி அவருக்கு. தங்கள் கணிப்பு ஏறக்குறைய பயனற்றது என்று பயிற்சிப் பள்ளியிலிருந்து தொடர்ந்து தகவல் வந்தது. அடுத்த அணி வந்து நின்றதும் அதே உறுதியோடு தீர்ப்பு எழுதினார்கள். பின்னர் படைப்பிரிவுகளுக்கு ஆள் ஒதுக்கும் நேர்காணலை மாற்றி அமைக்கும் பொறுப்பு வந்தபோது அவர் மனத்தை நம்பவில்லை, முறையை மாற்றினார். ஆறு பண்புகள், ஒவ்வொன்றுக்கும் கடந்த கால நடத்தை பற்றிய கேள்விகள், ஒன்றுக்கு மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். கணிப்பு கணிசமாக மேம்பட்டது.

ஆக, புத்திமதியைவிடப் பதிவேடு வலியது. அமெரிக்காவில் 1976 முதல் நாசா நடத்தும் விமானப் பாதுகாப்பு அறிக்கை அமைப்பு, விபத்தாகாமல் தப்பிய சம்பவங்களை விமானிகளிடமிருந்து ரகசியமாக வாங்கித் தொகுக்கிறது. சேலஞ்சர் இரவில் இல்லாமல்போன வகைக் கணக்கு அது. தமிழ்நாட்டில் பிரசவத்தில் தாய் இறந்தால் மருத்துவமனையில் மட்டும் விசாரித்து முடிப்பதில்லை. வீட்டிலும் ஊரிலும் கேட்கிறார்கள். ஆம்புலன்ஸ் எப்போது வந்தது, எந்த மருத்துவமனை எங்கே அனுப்பியது, ரத்தம் கிடைத்ததா என்று தாமதத்தின் ஒவ்வொரு கண்ணியையும் தேடுகிறார்கள். 2018-20இல் நாட்டின் பேறுகால மரண விகிதம் உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 97 ஆக இருந்தபோது தமிழ்நாட்டில் அது 54. இதற்குப் பல காரணங்கள் உண்டு; இறந்தவரின் வீடுவரை போய்க் கேட்கும் தணிக்கையும் அவற்றில் ஒன்று.

இதே முறையைப் பிற துறைகளிலும் கேட்டுப் பெற வேண்டும். ஒரு கொலைச் செய்தியின் கீழே அந்த மாவட்டத்தில் அந்த ஆண்டு நடந்த கொலை, சாலைச் சாவு இரண்டின் எண்ணையும் நாளிதழ்கள் அச்சிடலாம். இரண்டு வரிதான் ஆகும். ஆள் எடுக்கும் நிறுவனங்கள் முதல் நாள் போட்ட மதிப்பெண்ணையும் மூன்றாம் ஆண்டு வேலைத்திறனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர், முடிவெடுக்கும் முன் ஒவ்வொருவரின் சந்தேகத்தையும் தனித்தனித் தாளில் எழுதி வாங்கலாம். இவற்றுக்குப் பெரிய செலவோ பெரிய அறிவோ தேவையில்லை. கையில் உள்ள கணக்கு முழுக் கணக்கு இல்லை என்று ஒப்புக்கொள்ளும் அதிகாரம் படைத்தவர்கள்தான் தேவை.